சுவத்துல ஒருத்தர், தண்ணியில ஒருத்தர்

தம்பி, அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடிச்சு வச்சுக்கிறீங்களா? காத்துக்குப் படபடன்னு மூஞ்சியில அடிக்குது. படிக்க வேணாம்னு சொல்லல. அந்தப் பக்கத்தை மட்டும் உள்ள வச்சு மடிச்சுக்கோங்க. ஆங், போட்டோ இருக்கிற பக்கம்தான்.

சரி, நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அந்தப் போட்டோவுல அத்தனை பல்லையும் காட்டிக்கிட்டு கேடயம் வாங்குறான் பாருங்க, அவன் பேரு அமலதாஸ். சிறந்த படத்துக்கு அரசாங்க விருது. எனக்கு அவனை நல்லாத் தெரியும். ஏழு வருசம் ஒரே ரூம்ல ஒரே பாயில படுத்திருக்கோம். அவன் குறட்டை எந்த நேரத்துல ஏறும், எந்த நேரத்துல இறங்கும்னு கூடச் சொல்லுவேன்.

என் பேரு பூவலிங்கம். டைரக்டர் பூவலிங்கம். கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்ல. ‘எட்டாம் நம்பர் மதகு’ன்னு ஒரு படம். ஆறு வருசத்துக்கு முன்னாடி வந்துச்சு. அதுவும் தெரியாதா? பரவாயில்ல தம்பி, அப்போ நீங்க படிச்சுக்கிட்டு இருந்திருப்பீங்க. பத்து நாள் ஓடுச்சு. பதினோராம் நாள் ஒரு பெரிய ஹீரோ படம் வந்துச்சு, தியேட்டரை விட்டுக் கொடுத்துட்டோம்.

நீங்க எதுவரைக்கும்? திருச்சியா? அப்ப நிதானமாவே சொல்லலாம். நான் விழுப்புரம் பைபாஸ்ல இறங்கிடுவேன்.

விருதெல்லாம் திறமைக்குக் கிடைக்குதுன்னு நினைக்கிறீங்களா? சும்மா சொல்லுங்க. சிரிக்கிறீங்க. உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. எல்லாம் அரசியல் தம்பி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும்ல? நான் ஒண்ணும் வயித்தெரிச்சல்ல சொல்லல. என் சம்சாரம் செண்பகவல்லி அப்படித்தான் சொல்றா. அவ சொல்லிட்டுப் போறா. எனக்கு என்ன வயித்தெரிச்சல்? அவன் நல்லா இருக்கட்டும். நான் சொல்றது நியாயத்தை.

நாங்க ரெண்டு பேரும் ஒரே டைரக்டர்கிட்ட அசிஸ்டென்டா இருந்தோம். சாலிகிராமத்துல மாடி ரூம். ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. ரூம்ல அஞ்சு பேரு இருந்தோம், நல்ல சட்டை ஒண்ணுதான் இருந்துச்சு. வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டு ஆணியில தொங்கும். யாரு புரொடியூசர்கிட்ட கதை சொல்லப் போறானோ அவன் அன்னைக்கு அதைப் போட்டுக்கலாம். அதான் எங்க ரூம் வழக்கம். வாங்கினது நான். அதைப் போட்டுக்கிட்டுப் போய்த்தான் அமலதாஸ் முதல் பட சான்ஸைப் பிடிச்சான். எனக்கு அடுத்த மாசம்தான் கிடைச்சுது. ஒரு மாசம் முன்னாடி முந்திக்கிட்டான் பாருங்க, என் சட்டையிலயே.

அவனுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அப்பா அம்மா ரெண்டு பேரும் உப்பளத்துல வேலை. அதையே படமா எடுத்தான். ‘வெள்ளைப் பாத்தி’ன்னு பேரு. நான் எடுத்தது எங்க விருதுநகர்ப் பக்கத்துக் கதை. ஒரு கண்மாய். அதுல எட்டாம் நம்பர் மதகு முப்பது வருசமா திறக்கல. ரெண்டு தெருவுக்கும் தகராறு. யாரு திறந்தாலும் வெட்டுக்குத்து. கடைசியில அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த ஒருத்தி, யாருகிட்டயும் கேக்காம, விடியக்காலையில தனியாப் போய்க் கடப்பாரையை வச்சு நெம்பித் திறந்துடறா. தண்ணி வருது பாருங்க தம்பி... முதல்ல கசியும். அப்புறம் சேறு வரும். அப்புறம் முப்பது வருசத்துத் தண்ணி. அவ இடுப்பளவு தண்ணியில நின்னு சிரிக்கிறா, அழறா, ரெண்டும் ஒண்ணாப் பண்றா. சொல்லும்போதே உடம்பு சிலிர்க்குது, தொட்டுப் பாருங்க.

அதோட படம் முடியும். முடிஞ்சிருக்கணும்.

எங்க புரொடக்‌ஷன் மேனேஜர் கோதண்டம்னு ஒருத்தர். தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்ட ஆளு. அவரு ஒருநாள் தனியாக் கூப்பிட்டு, “சார், படம் அருமையா வந்திருக்கு. மதகுச் சுவத்துல தலைவர் படம் ஒண்ணு வரைஞ்சு விட்டுட்டா விருது தானா வீடு தேடி வரும்”னாரு. தலைவர்னா அப்போ ஆட்சியில இருந்த கட்சித் தலைவர். யோசிச்சேன். ஒரு சுவருதானே? பன்னெண்டடிக்குப் படம் வரைஞ்சோம். அந்தப் பொண்ணு தண்ணியில நின்னபடி திரும்பி, அந்தப் படத்தைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடுற மாதிரி ஒரு ஷாட்டு. பின்னாடி கரைமேல இருபத்திமூணு பேரு அந்தக் கட்சிக் கரை வேட்டியோட வந்து நிக்கிறாங்க. அவ்வளவுதான். இது அரசியல் இல்ல தம்பி, இது நடைமுறை. கல்யாணத்துக்குப் போனா மொய் வைக்கிறோம், அது அரசியலா?

அமலதாஸுக்குப் போட்டுக் காட்டினேன். மதகு திறக்கிற இடத்துல என் கையைப் பிடிச்சான். அந்தக் கும்பிடு வந்ததும் கையை விட்டுட்டான். வெளிய வந்து டீக்கடையில நின்னு, “மாப்ள, அந்தக் கும்பிடுற எடத்த வெட்டி எடுத்துரு. தண்ணி வந்ததோட படம் முடிஞ்சிட்டு. அதுக்கு மேல ஒரு அடி கூட வேண்டாம்ல”ன்னான்.

எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. பய பொறாமையில பேசறான். அந்தக் கும்பிடு இருந்தா விருது எனக்கு வந்துடும்ல? அதான் எடுக்கச் சொல்றான். கூடவே படுத்தவன் புத்தி அப்படிப் போகுது பாருங்க. “நீ உன் உப்பைப் பாரு”ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ரெண்டு படமும் ஒரே வருசம் வந்துச்சு. அந்த வருசத்துக்கான விருதை அந்த வருசமே அறிவிச்சிருந்தாங்கன்னா இன்னைக்கு நான் உங்க பக்கத்துல உக்காந்திருக்க மாட்டேன். கார்ல போயிருப்பேன். அறிவிக்கலையே! அடுத்த வருசமும் இல்ல. அதுக்கடுத்த வருசமும் இல்ல. நடுவுல தேர்தல் வந்துச்சு, ஆட்சி மாறிப்போச்சு. மாறினதுக்கப்புறம் ஒருநாள், விட்டுப்போன அத்தனை வருசத்துக்கும் மொத்தமா விருது, படத்தை எல்லாம் அனுப்புங்கன்னு அறிவிப்பு வருது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் படத்துல பன்னெண்டடிக்குப் பழைய தலைவர் நிக்கிறாரு!

கோதண்டத்துக்குப் போன் போட்டேன். “அட, இதுக்கு ஏன் சார் கவலை? கிராபிக்ஸ் எதுக்கு இருக்கு”ன்னாரு. வளசரவாக்கத்துல ஒரு கிராபிக்ஸ் கம்பெனி. போனோம். சுவத்துல பழைய தலைவரை எடுத்துட்டுப் புதுத் தலைவரை வச்சாங்க. தத்ரூபமா வச்சாங்க தம்பி, பொய் சொல்லக் கூடாது. இருபத்திமூணு வேட்டிக்கும் கரையை மாத்தினாங்க. ஒவ்வொரு வேட்டியா எண்ணிச் சரிபாத்தேன். ரெண்டு வாரம் சோறு தண்ணி இல்லாம அங்கயே கிடந்தேன். படம் எடுக்கும்போது கூட அவ்வளவு கவனமா இருந்திருப்பேனான்னு சந்தேகம்தான்.

சுவத்தைப் பாத்தேன். வேட்டியைப் பாத்தேன். தண்ணியைப் பாக்கலை.

புரியலையா? அவ நிக்கிறது எங்க? தண்ணியில. எதிர்ல என்ன? சுவரு. அப்ப சுவத்துல இருக்கிற படம் தண்ணியில தெரியுமா தெரியாதா? தெரிஞ்சிருக்கு. பழைய தலைவர், தலைகீழா, கண்ணாடி கிண்ணாடி எல்லாம் போட்டுக்கிட்டு, அலையில ஆடிக்கிட்டே இருந்திருக்காரு. சுவத்துல ஒருத்தர், தண்ணியில ஒருத்தர். அப்படியே அனுப்பிட்டேன் தம்பி. தேர்வுக் குழு ஏழு பேருக்கும் அப்படியே போட்டுக் காட்டிட்டாங்க.

சிரிங்க, சிரிங்க. அடக்க வேணாம். அவங்களும் சிரிச்சிருக்காங்க.

அந்தக் குழுவுல சிங்கராயர்னு ஒரு மூத்த கேமராமேன் இருந்தாரு. போன மாசம் ஒரு பிரிவியூ தியேட்டர் வாசல்ல என்னைப் பிடிச்சுக்கிட்டாரு. “ஏன்யா இப்படிப் பண்ணே? மதகு திறக்கிறவரைக்கும் ஏழு பேரும் அசையலை. இதுக்கு மேல ஒரு படம் பாக்கணுமான்னு குழுத் தலைவரம்மாவே கேட்டாங்க. அப்புறம் அந்தச் சுவரு வந்துச்சு. அப்புறம் தண்ணி. ஒருத்தர் சிரிச்சாரு, எல்லாரும் சிரிச்சுட்டோம். அப்புறம் சென்சார் பாத்த காப்பியை வரவழைச்சுப் பாத்தா அது வேற, நீ அனுப்புனது வேற. விதிப்படி வெளிய எடுத்துத்தான் ஆகணும்”னாரு. “வெறும் கும்பிடோட பழைய காப்பியே வந்திருந்தா...”ன்னு இழுத்தேன். “கொடுத்திருப்போம்யா. அந்தக் கும்பிடை மன்னிச்சிருப்போம்”னாரு.

கவனிச்சீங்களா அரசியலை? இவ்வளவு நல்ல படத்தை வச்சுக்கிட்டு, படத்தைப் பாக்காம தண்ணிக்குள்ள யாரு தெரியறான்னு பாக்குறாங்க. கலைஞனை இப்படிச் சோதிச்சா நாடு எப்படி உருப்படும்?

சரி, என்னைத் தள்ளினாங்க. தள்ளிட்டு யாருக்குக் கொடுத்தாங்க? அமலதாஸுக்கு. அவனுக்கு மட்டும் எப்படிக் கிடைச்சுது? நான் விசாரிக்காம இருப்பேனா? அவன் பொண்டாட்டியோட அத்தை மகன் ஒருத்தன் ஒன்றியக் கவுன்சிலர். ஒன்றியக் கவுன்சிலர்னா சும்மாவா? எந்தக் கட்சியா? அவன்... அவன் எதிர்க்கட்சிதான். அதனால என்ன? உள்ளுக்குள்ள எல்லாரும் ஒண்ணுதான் தம்பி, நமக்குத் தெரியாததா.

அவன் படத்துல அரசியலே இல்லையாம். எல்லாப் பேப்பர்லயும் எழுதுறாங்க. ஒரு கொடி இல்ல, ஒரு கரை வேட்டி இல்ல, ஒரு சுவரெழுத்து கூட இல்லையாம். அதான் தம்பி பெரிய அரசியல்! எந்த ஆட்சி வந்தாலும் செல்லும் பாருங்க. ஆறு வருசம் கழிச்சு அனுப்பினாலும் ஒரு வேட்டியைக் கூட மாத்த வேணாம். எப்பேர்ப்பட்ட மூளை அவனுக்கு!

நேத்து மேடையில பேசினானாம். நான் போகல. அழைப்பு வந்துச்சு, போகல. செண்பகவல்லி டிவியில பாத்துட்டு வந்து சொன்னா. “என் கூட்டாளி பூவலிங்கம் எடுத்த மதகுக் காட்சி மாதிரி ஒண்ண நான் இன்னும் எடுக்கல”ன்னு அத்தனை பேரு முன்னாடி சொன்னானாம். எவ்வளவு திமிரு இருந்தா சொல்லுவான்? கேடயம் அவன் கையில. பாராட்டு எனக்காம். சாப்பிட்டவன் ஏப்பம் விட்டுக்கிட்டே, பசியோட நிக்கிறவனைப் பாத்து உங்க வீட்டுச் சமையல் பிரமாதம்னானாம். அப்புறம் நாலு தடவை போன் பண்ணியிருக்கான். எடுக்கல. எடுத்தா வாழ்த்துச் சொல்லணும்ல?

என்ன இது, செங்கல்பட்டு தாண்டியாச்சா? கண்டக்டர் எதுக்கு டிவிகிட்ட போறாரு? படம் போடறாரா? போடட்டும் போடட்டும், ஏதாவது சண்டைப் படம் போட்டா பொழுது போகும்.

அடக் கடவுளே.

ஐயா! கண்டக்டர் ஐயா! வேற படம் இல்லையா? இது வேணாம், மெதுவாப் போகும்... “நேத்து விருது வாங்கின படம் சார், எல்லாரும் கேக்கறாங்க”வா? யாரு கேட்டா? நான் கேக்கலையே. அந்த முன்சீட்டு அம்மா என்னத்துக்கு என்னைத் திட்டுறாங்க? சரிம்மா, சரி. பாருங்க. நல்லாப் பாருங்க.

தம்பி, நான் இப்படி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிறேன். கொஞ்சம் கண்ணசர்றேன். நீங்க வேணும்னா பாருங்க. எனக்கு ஒண்ணும் இல்ல.

திண்டிவனம் போயிடுச்சா? தூக்கம் எங்க வந்துச்சு, சும்மா கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன். இன்னும் ஓடுதா அது? சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். சரி, வேணாம், அந்தம்மா அடிக்க வந்துடும்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், மனசோட வச்சுக்கோங்க. நான் இந்தப் படத்தைப் பாத்ததே இல்ல. ஆறு வருசமா பாக்கல. எத்தனையோ தடவை கூப்பிட்டான். வேலை இருக்குன்னேன், காய்ச்சல்னேன், ஊர்ல இல்லன்னேன். செண்பகவல்லி பக்கத்து வீட்டம்மாவோட போய்ப் பாத்துட்டு வந்தா. வந்து ரெண்டு நாளைக்கு அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நல்லா இருக்குன்னு சொல்லியிருந்தாக் கூடச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். ஒண்ணுமே சொல்லாம, எனக்குப் பிடிச்ச பருப்புத் துவையலை அரைச்சு வச்சா தம்பி. என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டு அரைச்ச துவையல் அது. வாயில வைக்க முடியல.

விழுப்புரத்துல என்ன வேலைன்னு கேக்கறீங்களா? அங்க ஆளுங்கட்சி மாவட்டப் பொறுப்பாளர் ஒருத்தரைப் பாக்கணும். மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு. பொன்னாடை கூட வச்சிருக்கேன், பையில. அடுத்த படத்துக்கு ஒரு கதை பண்ணியிருக்கேன், இப்ப நடக்கிற ஒரு திட்டத்தைப் பத்தி. அவரு ஒரு வார்த்தை மேல சொன்னாருன்னா... அப்படிப் பாக்காதீங்க தம்பி. நான் அரசியல் பண்ணப் போகல. அரசியல் என்னை எதுவும் பண்ணிடக் கூடாதுன்னு போறேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு.

அவனுக்கு என்ன, அவன்பாட்டுக்கு...

ஏன் பஸ்ஸுல எல்லாரும் கம்முனு ஆயிட்டாங்க?

மியூசிக் வரல. அந்த டிவி கெட்டுப்போச்சா? இல்லையே, ஏதோ சத்தம் கேக்குது. பலகையால உப்பு வாருற சத்தம். மியூசிக் போடாம விட்டிருக்கான். முக்கியமான கட்டம்னா எல்லாரும் அங்கதான் வயலினை வச்சு இழுப்பாங்க, இவன் விட்டிருக்கான். அந்தம்மா முந்தானையால கண்ணைத் துடைக்குது பாருங்க, என்னைத் திட்டின அம்மா. என்ன நடக்குது அதுல? வேணாம், சொல்ல வேணாம். நானே பாத்துக்கிறேன். ஒரு நிமிசம் பாத்தா செத்தா போயிடுவேன்?

மழை வருது.

உப்பைக் குமிச்சு வச்சிருக்காங்க, மழை வந்தா எல்லாம் கரைஞ்சுடும். எல்லாரும் ஓடறாங்க, தார்ப்பாயை இழுக்கறாங்க, கத்தறாங்க. உப்பு வாரிக்கிட்டு இருந்த ஒருத்தி மட்டும் ஓடல. வரப்புல உக்காந்துட்டா. கால் பூரா உப்பு அரிச்ச புண்ணு. அந்தக் காலை நீட்டறா. மழையில நீட்டறா. நல்ல தண்ணியில காலைக் கழுவுறா தம்பி. உப்பு கரைஞ்சு ஓடுது, அவ பாட்டுக்குக் கழுவுறா.

இது அவன் அம்மா. ரூம்ல படுத்துக்கிட்டு ஒரு தடவை சொன்னான், மழை வந்தாத்தான் எங்கம்மா கால் எரியாதுன்னு. நான் அப்போ தூங்கிட்டேன்.

நல்லா எடுத்துத் தொலைச்சிருக்கான். பாவி, நல்லா எடுத்துத் தொலைச்சிருக்கான் தம்பி. இது அரசியலாவே இருந்திருக்கக் கூடாதா? அரசியல்னா என்னைக்காவது ஆட்சி மாறும், நமக்கும் ஒரு நாள் வரும்னு உக்காந்திருக்கலாம். இதை நான் என்ன பண்ணுவேன்? எந்தப் பொன்னாடையை எடுத்துக்கிட்டு யாரைப் போய்ப் பாப்பேன்?

என்ன கண்டக்டர்? விழுப்புரம் பைபாஸா? தெரியுது, தெரியுது. இறங்கல. நீங்க ரைட் கொடுங்க. எங்கேயா? எங்கயோ ஒரு எடத்துல இறங்கிக்கிறேன், டிக்கெட்டை மாத்திப் போடுங்க. முன்னாடி நிக்கிறவரே, கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க, மறைக்குது.

தம்பி, கொஞ்ச நேரம் பேசாம இருங்க.